ஓவன் இல்லாமல் ஸ்ட்ராபெரி சீஸ் கேக்!
மகாபலேஷ்வர் பழத்தில் ஒரு வாய்த் துண்டுகள்

கேக் என்றாலே ஓவன் வேண்டுமே என்று இல்லத்தரசிகள் பலர் தயங்குவது உண்டு. மும்பையில் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்துகிறவர்கள் ஓவனை எங்கே வைப்பது?

அந்தக் கவலையே வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி ஒன்று இருந்தால் போதும். ஸ்ட்ராபெரி சீஸ் கேக்கை வீட்டிலேயே செய்துவிடலாம்.

குளிர்காலப் பழம்

சத்தாரா மாவட்டத்தில் உள்ள மகாபலேஷ்வர், பஞ்ச்கனி மலைப் பகுதியில் குளிர்காலம் தொடங்கியதும் ஸ்ட்ராபெரி அறுவடையும் தொடங்கிவிடும். மார்ச் வரை மும்பை கடைவீதிகளில் இந்தப் பழம் தாராளமாகக் கிடைக்கும். மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெரிக்கு 2010-ம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

வெளிநாடுகளில் இந்தக் கேக்குக்கு "கிரீம் சீஸ்" சேர்ப்பார்கள். அதன் விலை அதிகம். அதற்குப் பதில், ஸ்ரீகண்ட் செய்ய மராட்டியர்கள் பயன்படுத்தும் "சக்கா" போதும். பால் டெய்ரிகளில் கேட்டு வாங்கலாம். வீட்டிலும் தயாரிக்கலாம். அரைக் கிலோ கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் விட்டால் நீர் வடிந்து சக்கா கிடைக்கும். வெளியே தொங்கவிட்டால் மும்பை வெப்பத்தில் புளித்துவிடும். வடிந்த நீரைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசையலாம்.

தேவையான பொருட்கள்

மேரி பிஸ்கட் 100 கிராம், வெண்ணெய் 50 கிராம், சக்கா 200 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம், பாலாடை 2 மேஜைக்கரண்டி, கடல்பாசி (சைனா கிராஸ்) 2½ கிராம், சிறிய ஸ்ட்ராபெரி 18.

செய்முறை

பிஸ்கட்டைப் பொடித்து, உருக்கிய வெண்ணெயில் பிசறுங்கள். 6 அங்குலச் சதுரத் தட்டில் வெண்ணெய்த்தாள் விரித்து, இதைப் பரப்பி, கிண்ணத்தின் அடிப்பாகத்தால் அழுத்துங்கள். அரை மணி நேரம் குளிர வையுங்கள்.

சக்காவை முன்னதாகவே வெளியே எடுத்து வைத்து, குளிர்ச்சி நீங்கியதும் சர்க்கரை, பாலாடை சேர்த்துக் கட்டியில்லாமல் அடித்துக்கொள்ளுங்கள். கடல்பாசியை 15 நிமிடம் ஊறவைத்து, அரை டம்ளர் தண்ணீரில் முற்றிலும் கரைந்து பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி, வடிகட்டுங்கள்.

இங்கேதான் கவனம் தேவை. சில்லென்ற சக்காவில் கடல்பாசியை ஊற்றினால் உடனே உறைந்து திரிதிரியாகிவிடும். எனவே இளஞ்சூட்டில் உள்ள கடல்பாசியில் முதலில் நான்கு கரண்டி சக்காவைக் கலந்து, பிறகு அதை மீதிச் சக்காவில் விட்டு வேகமாகக் கலக்குங்கள். தாமதிக்காமல் பிஸ்கட் மீது ஊற்றி, 3 மணி நேரம் குளிர வையுங்கள். பின்பு ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டினால் 36 துண்டுகள் வரும். பரிமாறும்போது ஒவ்வொன்றின் மேலும் பாதிப் பழம் வையுங்கள்.

சைவர்களுக்கு

இத்தகைய இனிப்புகளைச் சிலர் ஜெலட்டின் சேர்த்து உறைய வைப்பார்கள். அது விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கப்படுவது. சைவ உணவுக்காரர்கள் கடையில் வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கடல்பாசியோ கடல் தாவரத்திலிருந்து கிடைப்பது. இதற்கான பாசியை நம் ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிக்கிறார்கள்.

பழத்தைக் காம்போடு கழுவித் துடைத்த பிறகே காம்பை நீக்குங்கள். முன்பே நீக்கினால் தண்ணீர் உள்ளே புகுந்து சுவை குறையும். பெட்டியின் அடியில் நசுங்கிய பழம் இருந்தால் வீணாக்காதீர்கள். கெட்டுப்போகாத பழத்தைச் சர்க்கரையுடன் கொதிக்கவைத்து, ஆறியதும் துண்டுகள் மீது ஊற்றலாம்.

பாலும் தயிரும் சேர்ந்த பண்டம் என்பதால் குளிரில் வைத்து இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். டப்பாவில் போட்டு மின்சார ரெயிலில் நெடுந்தூரம் கொண்டு செல்வது உகந்ததல்ல.

அடுப்புக்கு அதிக வேலை இல்லை. பிஸ்கட் பொடிப்பதையும் பழம் அடுக்குவதையும் குழந்தைகளிடமே விட்டுவிடலாம். அடுத்த பிறந்தநாளுக்குச் செய்து பாருங்கள்!