கிடார் பழகலாம் வாங்க

நம் சங்கத்து அன்பர்களின் வீடுகளுக்குப் போகும்போது கவனித்திருக்கிறேன். பல வீடுகளில் பீரோவின் மேல் ஒரு கிடார், உறை போட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும். பத்தாவது முடித்த விடுமுறையில் பிள்ளை ஆசையாகக் கேட்டது. ஒரே மாதத்தில் விரல் வலி தாங்காமல் விட்டது. "அவனுக்கு சங்கீதம் வராது சார்" என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள். ரயில்வேயில் தண்டவாளத்தோடு காலம் தள்ளி, ஓய்வு பெற்ற பிறகு கிடாரை எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலும் குற்றவாளி பிள்ளை அல்ல, கருவிதான்.

கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளுக்கு 'ஃப்ரெட்' என்று பெயர். வீணையில் மெட்டு என்போமே, அதுதான். 12வது ஃப்ரெட்டுக்கும் அதன் மேல் ஓடும் தந்திக்கும் இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். எஃகுத் தந்தியானால் 2 முதல் 3 மில்லிமீட்டர், நைலானானால் 4 வரை இருக்கலாம். 5, 6 என்று இருந்தால் பீமசேனனுக்கும் விரல் வலிக்கும்! தந்திகளைத் தாங்கும் வெள்ளைக் கட்டையின் அடிப்பாகத்தைத் தேய்த்து இறக்கினால் சரியாகிவிடும். கிடார் பழுது பார்ப்பவருக்கு இது சின்ன வேலை. எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையில் இழுக்கின்றன. நைலானுக்கு ஏறக்குறைய அதில் பாதிதான். எனவே சிறு பிள்ளைகளும் என் வயதினரும் நைலானில் தொடங்குவது நல்லது. ஆனால் நைலானுக்கென்று செய்த கிடாரில் எஃகுத் தந்தியை மாட்டிவிடாதீர்கள். கட்டையே பெயர்ந்து வரும்.

அடுத்தது விரல் வைக்கும் இடம். ஃப்ரெட்டின் மேலேயும் வேண்டாம், இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவிலும் வேண்டாம். ஃப்ரெட்டை ஒட்டி, முறுக்காணிகள் இருக்கும் பக்கமாக, விரல் நுனியால் அழுத்துங்கள். கட்டைவிரல் கழுத்தின் பின்னால் இருக்கட்டும். பாதி பலம் போதும், நாதம் சுத்தமாக வரும். தினம் கால்மணி நேரம் பழகினால் சில வாரங்களில் நுனித்தோல் காய்த்துவிடும். 1982ல் வந்த 'இளைய நிலா' பாட்டின் கிடாரை முதல் வாரமே வாசித்துவிட ஆசைப்படாதீர்கள்.

தடித்த தந்தியிலிருந்து வரிசையாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி. ஒரு தந்தியின் 5வது ஃப்ரெட்டில் அழுத்தினால் அடுத்த தந்தியின் சுருதி கிடைக்கும். ஜி தந்திக்கு மட்டும் 4வது ஃப்ரெட். ஒரு ஃப்ரெட் தாண்டினால் ஒரு ஸ்வரஸ்தானம். 12 தாண்டினால் தந்தி சரிபாதியாகி மேல் ஸ்தாயி வந்துவிடும். தந்தி 650 மில்லிமீட்டர் நீளமானால் முதல் கட்டம் 36.5, 12வது கட்டம் 19.3 மில்லிமீட்டர். மில்லிமீட்டருக்கு மரியாதை கொடுத்தே பழகிய எனக்கு இந்தக் கணக்கில் தனி சந்தோஷம்.

இனி குறியீடு. 'டேப்' என்னும் முறையில் ஆறு கோடுகள், ஆறு தந்திகளுக்கு. மேல்கோடு மெல்லிய தந்தி. மடியில் வைத்துப் பார்க்கும்போது அதுவே கீழே இருப்பதால் முதலில் தலைகீழாகத் தோன்றும். கோட்டின் மேல் எழுதிய எண்தான் ஃப்ரெட். 0 என்றால் அழுத்தாமல் மீட்ட வேண்டும். இது சோம்பேறிகள் நேற்றுக் கண்டுபிடித்த குறுக்குவழி அல்ல. ஸ்பெயினில் லூயிஸ் மிலான் 1536ல் வெளியிட்ட விஹுவேலா பாடநூலிலும் கோடும் எண்ணும்தான், மெல்லிய தந்தி மேலேதான். ஆனால் அவர் எண்களுக்கு மேல் கால அளவையும் குறித்தார். இன்று கிடைக்கும் பல டேப்களில் அது இல்லை. ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன, வண்டி எத்தனை மணிக்கு என்று இல்லை! ஐந்து கோட்டு மேல்நாட்டுக் குறியீடு இரண்டையும் சொல்லும். நம் கர்நாடகப் புத்தகங்களில் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் அந்த வேலையைச் செய்கின்றன. டேப் மட்டும் பார்த்துப் பழகும் பிள்ளைகளுக்குத் தாளம் நிற்காமல் போவது இதனால்தான்.

தெரிந்த ஒன்றில் தொடங்குங்கள். சங்கராபரண ஆரோகணம்: ஐந்தாம் தந்தியில் 3, நான்காம் தந்தியில் 0, 2, 3, மூன்றாம் தந்தியில் 0, 2, இரண்டாம் தந்தியில் 0, 1. ஸ ரி க ம ப த நி ஸ, எட்டு ஸ்வரம். கமகம் வராது, பரவாயில்லை. பக்கத்தில் ஒருவர் ஆதி தாளம் போடட்டும்; அட்சரத்துக்கு ஒன்றாக வாசித்தால் ஓர் ஆவர்த்தனம். பிறகு அதே வழியில் இறங்குங்கள்.