பயனாளிப் பட்டியலும் கைப்பேசிக் குழுக்களும்

ஊராட்சிப் பணிகள் ஒளிவுமறைவின்றி நடைபெறுதல் வேண்டும் என்பதில் இரு வேறு கருத்துகளுக்கு இடமில்லை. எவருக்கு வீடு ஒதுக்கப்பட்டது, எந்தத் தெருவுக்கு எவ்வளவு செலவாயிற்று என்பவற்றைக் கேட்டறியும் உரிமை ஊராருக்கு உண்டு. மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை அலுவலகங்கள் தாமே வெளியிட வேண்டுமென 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கூறுகின்றது. இதனை உணர்ந்த உறுப்பினர் பலர், தம் ஊராட்சிக்கென வாட்ஸ்அப் குழு அமைத்துச் செய்திகளை உடனுக்குடன் தெரிவித்து வருகின்றனர். குடிநீர் வாராத நாளும், கால்நடை மருத்துவ முகாமும், கிராம சபை கூடும் நேரமும் இன்று தண்டோராவுக்குக் காத்திராமல் வீடுதோறும் சென்று சேர்கின்றன. நாம் இதனை மனமார வரவேற்கின்றோம்.

ஆயினும், இவற்றோடு வேறொன்றும் அக்குழுக்களில் செல்வதைக் காண்கின்றோம். பயனாளிகளின் பெயரோடு ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் யாவும் அடங்கிய பட்டியல் அப்படியே படமெடுத்து இடப்படுகின்றது. விண்ணப்பத்தில் ஒரு சிறு பிழை இருப்பின், அதனைச் சுட்டிக்காட்ட விண்ணப்பம் முழுவதையுமே குழுவில் இடுவோரும் உளர். நல்லெண்ணத்தோடு செய்வதுதான், ஆனால் அதனால் விளைவது நன்மையன்று.

ஓர் ஊரில் வீடு கட்டும் உதவி பெற்ற மூதாட்டி ஒருவர் இருந்தார். பட்டியல் குழுவில் இடப்பட்ட மூன்றாம் நாள் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவன் அவர் பெயர், கணவர் பெயர், வங்கிக் கிளை, கணக்கு எண் அனைத்தையும் பிழையின்றிச் சொன்னான். "அடுத்த தவணை நின்று போயிருக்கிறது அம்மா, உங்கள் போனுக்கு வரும் எண்ணைச் சொல்லுங்கள்" என்றான். தளம் போடுவதற்கென வந்திருந்த தொகை அன்றே கணக்கிலிருந்து போயிற்று. "இவ்வளவும் தெரிந்தவன் ஆபீசிலிருந்துதானே பேச வேண்டும்?" என்று அவ்வம்மை பின்னர்க் கேட்டார். நியாயமான கேள்வியே.

கணக்கு எண்ணை மட்டும் அறிந்தவன் பணத்தை எடுத்துவிட இயலாது என்பது உண்மை. அதற்கு ஓ.டி.பி. எனும் ஒருமுறைக் கடவுச்சொல்லோ, கைரேகையோ வேண்டும். ஆனால் அக்கடவுச்சொல்லைக் கேட்டுப் பெறுதற்குரிய நம்பிக்கையை மோசக்காரனுக்கு ஈட்டித் தருவது, நாம் வெளியிட்ட அந்த விவரமேயாகும். வாட்ஸ்அப் குழு ஒன்றில் 1,024 பேர் வரை இருக்கலாம். அத்தனை பேரையும் அறிந்தவர் எவர்? இட்ட படத்தைப் பின்னர் நீக்கினாலும், அதற்குள் சேமித்தவர், பிறருக்கு அனுப்பியவர் கையில் அது தங்கிவிடும்.

பெயர், தெரு, திட்டம், தொகை, பணியின் நிலை ஆகிய இவ்வளவையும் வெளியிடுக. தகுதியற்றவர் பெயர் நுழைந்துள்ளதா என ஊரார் ஆராய இவையே போதும். கணக்கு எண்ணால் அவ்வாராய்ச்சிக்கு ஒரு பயனும் இல்லை. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுதலை 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டமே தடுக்கின்றது. அடையாளத்துக்கு நகல் தேவைப்படின், முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

"குடியானவனுக்கு என்ன ரகசியம்?" என்று சிலர் நகைப்பதுண்டு. 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தனர். அவ்வுரிமை செல்வர்க்கு மட்டும் உரியதன்று. மாற்றுத்திறனாளி உதவித்தொகை பெறுபவரை மேடையேற்றிப் படமெடுத்து முகநூலில் இடுமுன், அவர் இசைவைக் கேட்டோமா? வாங்குபவர் முகத்தைக் காட்டினால்தான் கொடுத்தது கணக்கில் சேரும் என்னும் வழக்கம் எங்கிருந்து வந்ததோ!

விவசாயப் பெருமக்கள் தம் அளவில் செய்யத்தக்கனவும் சில உள. அறியாதவர் தம்மைக் குழுக்களில் சேர்க்காதிருக்க, வாட்ஸ்அப் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று, குழுக்கள் என்பதில் 'எனது தொடர்புகள்' என மாற்றிவிடலாம். அரசுத் திட்டத்தின் பெயரைத் தாங்கி ஏ.பி.கே. என முடியும் கோப்பு வருமாயின், அதனைத் திறத்தல் கூடாது. நிறுவினால் கைப்பேசிக்கு வரும் கடவுச்சொற்களைப் பிறர் படிக்க வழியுண்டு. ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கவும் வசதி உள்ளது. ஆனால் பூட்டியபின் ரேஷன் கடையிலும் கைரேகை செல்லாது. செல்லுமுன் திறந்துகொள்ளல் வேண்டும்.

பணம் போனதை அறிந்தவுடன் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும். மோசக்காரன் எடுத்துவிடுமுன் தொகையை வங்கியில் நிறுத்தி வைக்க இயலும். எனவே காலந்தாழ்த்தல் ஆகாது. வங்கியின் பெயர், பணம் போன நேரம், குறுஞ்செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுக. ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் இவ்வெண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.