ஆகாயப் பயணத்தில் நோன்பு திறக்கும் நேரம்



ரமளானில் உம்ராவுக்குப் புறப்படும் குடும்பத்தார் தவறாமல் வினவுவது, "விமானத்தில் எத்தனை மணிக்கு நோன்பு திறப்பது?" என்பதே.

1995-ஆம் ஆண்டில் நிறுத்தப்படும் வரை மும்பையிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் கப்பல் சென்று வந்தது. கப்பல் மேற்கே செல்லச் செல்ல மக்ரிப் நேரம் நாள்தோறும் சிறிது சிறிதாகவே தள்ளிப்போகும். இன்றோ சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 4,400 கிலோமீட்டரை விமானம் சுமார் 6 மணி நேரத்தில் கடந்துவிடுகிறது.

மார்ச் மாதத்தின் நடுவில் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். குலசேகரன்பட்டினத்தில் மாலை சுமார் 6.30-க்கு மக்ரிப். ஜித்தாவிலும் ஏறக்குறைய 6.30-க்கே மக்ரிப்! ஆயினும் சவூதி நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி பின்தங்கியது. பிற்பகல் 2.30-க்குச் சென்னையில் விமானம் ஏறியவர் ஜித்தாவில் இறங்கும்போது அவருடைய கைக்கடிகாரம் இரவு 8.30 காட்டும், சூரியனோ இன்னும் மறைந்திராது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல, விமானம் அதற்கு எதிர்த்திசையில் மேற்கே சுமார் 7 பாகை சூரியனைத் துரத்திச் செல்கிறது. அதனால் பொழுது பாதி வேகத்திலேயே சாய்கிறது.

ஊரில் பாங்கு சொல்லியாயிற்று என்று கைபேசி அறிவித்தாலும் நோன்பு திறக்கக் கூடாது. கீழே உள்ள நகரத்தின் நேரமும் செல்லாது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவருக்குச் சூரியன் தரையில் உள்ளவரைவிடப் பல நிமிடங்கள் பிந்தியே மறைகிறது. தாம் இருக்கும் இடத்திலிருந்து சூரியன் முழுமையாக மறைவதே பயணிக்குக் கணக்கு என்பது மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு.

இவ்வளவு நீண்ட பகலை முதியவர்களும் நோயாளிகளும் தாங்குவார்களா? பயணிக்கு நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யும் சலுகையை அல்பகரா அத்தியாயத்தின் 184-ஆம் வசனம் வழங்குகிறது. ஆனால் பலரும் கவனிக்காத ஒரு நிபந்தனை இதில் உண்டு. முந்தைய இரவே திருச்செந்தூரில் ரயிலேறிய நம்மூர்வாசி, சுப்ஹு நேரத்தில் பயணியாகவே இருக்கிறார். அவருக்குச் சலுகை உண்டு. சென்னையில் குடியிருக்கும் அவருடைய மகன் தம் வீட்டில் ஸஹர் செய்து, நோன்பு நோற்று, நண்பகலில் புறப்படுகிறார். அவர் அன்றைய நோன்பை விடுவதற்கு ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் அனுமதியில்லை. ஒரே விமானம், அடுத்தடுத்த இருக்கை, சட்டம் மட்டும் வேறு!

திரும்பும் பயணத்தில் நிலைமை தலைகீழ். மாலை 4 மணிக்கு ஜித்தாவை விட்டுக் கிழக்கே பறந்தால் ஒன்றரை மணி நேரம் அளவிலேயே சூரியன் மறைந்துவிடும். மக்ரிபின் நேரமும் ஒரு மணிக்கும் குறைவாகச் சுருங்கும். ஷாஃபிஈ மத்ஹபினர் அதை இஷாவுடன் சேர்த்து ஜம்உ செய்துகொள்ளலாம். ஹனஃபி மத்ஹபினருக்கு அவ்வாறு சேர்க்க வழியில்லை. உணவுத் தட்டு வருவதற்கு முன்பே ஒளூவை முடித்து ஆயத்தமாக இருக்க வேண்டும்.