காடுகள் இருந்த ஊர்கள்

சுட்டிகளே! 'உங்கள் ஊரின் வரலாற்றை ஒரு பக்கம் எழுதி வாருங்கள்' என்று டீச்சர் சொன்னால் என்ன செய்வீர்கள்? தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்குக் கவலையே இல்லை. பெரிய கோவில் இருக்கிறது. மதுரைப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் போதாது. காட்டுப்பாக்கத்துப் பிள்ளைகள் பாவம், எதை எழுதுவார்கள்?

போரூரிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் பஸ்ஸில், ஐயப்பன்தாங்கலைத் தாண்டியதும் வரும் ஊர் காட்டுப்பாக்கம். இரண்டு பக்கமும் கடைகள், அடுக்குமாடி வீடுகள், தலைக்கு மேலே மெட்ரோ ரயில் பாலம். காட்டையும் காணோம், கோட்டையையும் காணோம். 'எங்கள் ஊரில் ஒன்றும் இல்லை சார்' என்று சொல்லத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். பஸ் போர்டுகளைப் படித்துப் பாருங்கள். காட்டுப்பாக்கத்துக்குத் தெற்கே மாங்காடு. வடக்கே திருவேற்காடு. அதற்கும் அப்பால் திருமுல்லைவாயல். மாமரக் காடு, வேல மரக் காடு, முல்லைக் கொடி மண்டிய இடம்! பூந்தமல்லியின் முழுப் பெயரோ பூவிருந்தவல்லி. மரங்களை வெட்டிவிடலாம், பெயர்களை வெட்டுவது அவ்வளவு சுலபம் இல்லை.

இந்த ஊர்கள் எல்லாம் தொண்டை மண்டலம் என்ற பழைய நாட்டைச் சேர்ந்தவை. காஞ்சிபுரம்தான் தலைநகர். நாட்டை 24 கோட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். கோட்டம் என்றால் இன்றைய மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாங்காடும் குன்றத்தூரும் புலியூர்க் கோட்டத்தில் இருந்தன.

கல்லை எடுத்தவர்

ராஜாக்களுக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள்? 1863ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் ஒரு கல்லைப் பார்த்தார். நாமாக இருந்தால் காலால் உதைத்துவிட்டுப் போயிருப்போம். அவர் குனிந்து எடுத்தார். அது மனிதன் செதுக்கிய கைக்கோடரி! அதே ஆண்டில் அவரும் அவருடைய நண்பர் வில்லியம் கிங்கும் பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கற்கருவிகளைக் கண்டுபிடித்தார்கள்.

அந்தக் கருவிகளுக்கு என்ன வயது? சாந்தி பப்பு என்ற தொல்லியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் பல ஆண்டுகள் தோண்டி ஆராய்ந்து, 2011ஆம் ஆண்டில் விடையை வெளியிட்டார்கள். சுமார் 15 லட்சம் ஆண்டுகள்! அப்போது நம்மைப் போன்ற மனிதர்களே உலகில் தோன்றவில்லை. நமக்கு முந்தைய ஆதிமனிதர்கள் அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து கல்லைக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தார்கள். பூண்டியில் இந்தக் கற்களுக்கென்றே ஓர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது.

பாயைச் சுருட்டிய பெருமாள்

இனி ஒரே தாவலாகத் தாவி, ஆழ்வார்கள் காலத்துக்கு வந்துவிடுவோம். பூந்தமல்லிக்கு மேற்கே திருமழிசை. அங்கே, மூங்கில் வெட்டிப் பிழைத்த ஒரு தம்பதி எடுத்து வளர்த்த பிள்ளைதான் திருமழிசை ஆழ்வார் என்பார்கள். அவருடைய சீடர் கணிகண்ணன். குருவும் சீடரும் காஞ்சிபுரத்தில் போய் இருந்தார்கள்.

வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது. ஆழ்வார் இருந்த இடத்தைத் தினமும் பெருக்கி மெழுகிவந்த கிழவி ஒருத்தி, அவருடைய அருளால் இளம்பெண் ஆகிவிட்டாளாம். பல்லவ ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. 'என்னையும் இளைஞனாக்கச் சொல். முடியாதென்றால் நீயே என்னைப் புகழ்ந்து பாடு' என்றான் கணிகண்ணனிடம். 'மனிதரைப் பாட மாட்டோம்' என்றார் அவர். 'அப்படியா, ஊரை விட்டுப் போ!' என்றான் ராஜா.

சீடர் கிளம்பினார். 'நீ இல்லாத ஊரில் எனக்கு என்ன வேலை?' என்று ஆழ்வாரும் கிளம்பினார். கிளம்பும்போது கோவில் பெருமாளிடம், 'நாங்கள் போகிறோம், நீயும் உன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வா' என்றார். பெருமாளும் சமர்த்தாகப் பாயைச் சுருட்டுவதுபோலப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டார்! காஞ்சிபுரம் இருண்டு போனது. ராஜா ஓடோடி வந்து மன்னிப்புக் கேட்டான். ஆழ்வார் சொல்ல, எல்லாரும் திரும்பி வந்தார்கள். காஞ்சிபுரத்தில் அந்தக் கோவில் இன்றும் இருக்கிறது. சுவாமியின் பெயர் 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்'. அன்று இரவு அவர்கள் தங்கிய ஊருக்கு ஓரிருக்கை என்று பெயர்.

நடந்ததா, கதையா என்று கேட்டால் நான் என்ன சொல்வது? ஒன்று மட்டும் கவனியுங்கள். மூங்கில் வெட்டுபவர் வீட்டில் வளர்ந்த பிள்ளை ராஜாவை விடப் பெரியவர் என்று சொல்லும் கதையை, இத்தனை நூற்றாண்டுகளாக ஜனங்கள் விடாமல் சொல்லி வந்திருக்கிறார்கள்.

கழுவிய திண்ணை

பூந்தமல்லிக்காரர் திருக்கச்சி நம்பி. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு விசிறி வீசுவது அவருடைய தொண்டு. விசிறும்போது பெருமாள் அவரோடு பேசுவார் என்று ஊரே நம்பியது. ராமானுஜர் அப்போது இளைஞர். நம்பியைக் குருவாகவே நினைத்தார். நம்பி வணிகர் குலத்தவர், ராமானுஜர் பிராமணர். குரு சாப்பிட்ட மிச்சத்தைத் தான் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டு ராமானுஜர் அவரை விருந்துக்கு அழைத்தார்.

ராமானுஜர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வந்து சாப்பிட்டுப் போய்விட்டார். ராமானுஜருடைய மனைவி மிச்சத்தை அப்புறப்படுத்தி, அவர் உட்கார்ந்த இடத்தைக் கழுவி, தானும் குளித்துவிட்டு மறுபடியும் சமைத்துக்கொண்டிருந்தார். 'ஏன்?' என்று கேட்டால், குலம்! திரும்பி வந்த ராமானுஜர் நொறுங்கிப் போனார் என்கின்றன குருபரம்பரைக் கதைகள். பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோவிலில் நம்பிக்குத் தனிச் சன்னிதி உண்டு. அங்கே போகும்போது கழுவப்பட்ட அந்த இடத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சூதாடிய நாயனார்!

'சூதாடினால் உதைதான்' என்று வீட்டில் சொல்வார்கள் அல்லவா? திருவேற்காட்டில் ஒருவர் சூதாடியே நாயனார் ஆகியிருக்கிறார்! பெயர் மூர்க்க நாயனார். தினமும் அடியார்களுக்குச் சோறு போட்ட பிறகே சாப்பிடுவார். சோறு போட்டுப் போட்டுச் சொத்தெல்லாம் தீர்ந்தது. தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று, சூது. உள்ளூரில் ஆட ஆள் இல்லாமல் போனதும் ஊர் ஊராகப் போய், கும்பகோணம் வந்து சேர்ந்தார். முதல் ஆட்டத்தில் தோற்பார். அப்புறம் ஜெயித்துக்கொண்டே இருப்பார். தோற்றவர் பணம் தர மறுத்தால் இடுப்பிலிருந்து கத்தி வெளியே வரும்! ஜெயித்த பணத்தைத் தனக்கென்று தொட மாட்டார். நேராகச் சமையல்காரர் கையில் கொடுப்பார். கடைசிப் பந்தியில்தான் தானும் உட்காருவார்.

இவர் நல்லவரா, கெட்டவரா? வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து விவாதம் நடத்தலாம். (நான் எந்த அணி என்று சொல்ல மாட்டேன்!)

இந்தக் கதையை எழுதி வைத்தவரும் பக்கத்து ஊர்க்காரர்தான். பெரிய புராணம் பாடிய சேக்கிழார் குன்றத்தூரில் பிறந்தவர். 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழனுக்கு அமைச்சராக இருந்தவர். சோழ நாட்டுத் திருநாகேச்சரத்தின் மேல் இருந்த பிரியத்தால், சொந்த ஊரிலும் அதே பெயரில் ஒரு கோவிலைக் கட்டினார்.

திருமுல்லைவாயலில் வேறு ஒரு கதை. தொண்டைமான் ராஜாவின் யானை முல்லைக் கொடியில் சிக்கிக்கொள்ள, அவன் வாளால் கொடியை வெட்ட, உள்ளே இருந்த லிங்கத்தின் மேல் பட்டு ரத்தம் வந்ததாம். அந்த ராஜா குறும்பர்களோடு போரிட்டு ஜெயித்தான் என்றும் சொல்வார்கள். குறும்பர்கள் ஆடு மேய்த்தவர்கள். புழலில் கோட்டை கட்டி ஆண்டவர்கள். தோற்ற அவர்கள் தங்கள் பக்கத்துக் கதையை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குக் கேட்க ஆசை. அது நமக்குக் கிடைக்கவில்லை.

சிவன், பெருமாள் கோவில்கள் மட்டும்தான் இங்கே இருந்தன என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வட்டாரத்தில் பழைய புத்தர் சிலைகளும் கிடைத்திருக்கின்றன. மயிலை சீனி. வேங்கடசாமி 'பௌத்தமும் தமிழும்' நூலில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். பூந்தமல்லியில் 17ஆம் நூற்றாண்டு மசூதி இருக்கிறது, பாரசீக மொழிக் கல்வெட்டோடு! அப்போது இந்தப் பகுதி கோல்கொண்டா சுல்தானின் ஆட்சியில் இருந்தது.

யாருக்கு யார் புறநகர்?

1639ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேயர் கடற்கரையில் கோட்டை கட்ட இடம் தேடினார். இடம் கொடுத்தவர் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். அவருடைய தம்பி அய்யப்ப நாயக்கர் இந்தக் கரையோரப் பகுதியைக் கவனித்துக்கொண்டார். எங்கே இருந்து? பூந்தமல்லியில் இருந்து! அவர்களுடைய அப்பா சென்னப்ப நாயக்கரின் பெயரில்தான் சென்னப்பட்டினம், அதாவது சென்னை வந்தது.

ஆக, அன்றைக்குப் பூந்தமல்லிதான் ஊர். சென்னை அதற்கு அப்பால் கடலோரத்தில் கிடந்த மணல் திட்டு. இன்றைக்கு நாம் பூந்தமல்லியைப் 'புறநகர்' என்கிறோம்!

ஐயப்பன்தாங்கலில் வரும் 'தாங்கல்' என்ற சொல்லுக்குச் சிறிய ஏரி என்று அர்த்தம். குமணன்சாவடி, கரையான்சாவடி என்று சாவடிகள் வரும். வழிப்போக்கர்கள் தங்கிய இடங்கள் அவை. பக்கத்தில் இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரி 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி தண்ணீர் கொள்ளும். 2015 டிசம்பர் மழையில் ஏரி நிரம்பித் திறந்துவிட்டபோது அடையாறு கரை புரண்டது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மறக்காது. தாங்கல் என்று பெயர் உள்ள இடங்களில் தண்ணீர் எங்கே போனது என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

சரி, டீச்சர் கேட்ட அந்த ஒரு பக்கம்? இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோ அத்தையோ யாரையாவது கூட்டிக்கொண்டு, ஒரு நோட்டும் பென்சிலுமாகப் பக்கத்துப் பழைய கோவிலுக்குப் போங்கள். கும்பிட்டு முடித்ததும் வெளிச்சுவரைச் சுற்றி வாருங்கள். சில இடங்களில் பெயின்ட் அடித்தே எழுத்துகளை மூடிவிட்டிருப்பார்கள். பார்த்தால் வயிறு எரியும். மூடாத இடத்தில், காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகள் நன்றாகத் தெரியும். மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது, அதனால் முதலில் தலை சுற்றும். தொடக்கத்தில் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று இருக்கிறதா என்று தேடுங்கள். கண்டுபிடித்துவிட்டால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு ராஜாவின் பெயர் வரும்.