கறுப்புச் சரிவுகள்

(இளங்கலை இரண்டாம் ஆண்டு, புவியியல்)

கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்குப் பேருந்தில் ஏறியவர்கள் நம் கல்லூரியில் பலர் உண்டு. ஆனால் அம்மலையில் ஒற்றையடிப் பாதையில் நடந்தவர்கள் சிலரே. மலையில் பிறந்த நண்பர் ஒருவரிடம், "உங்கள் ஊருக்குப் போகும் பாதை கடினமா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் உடனே விடை கூறமாட்டார். "கோடையிலா, மழையிலா? தலையில் சுமை உண்டா?" என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வியில் பெரிய உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது. பனிச்சறுக்கு விளையாட்டைக் கொண்டு அதனை இங்கு ஆராய்வோம்.

காலில் நீண்ட கட்டைகளைப் பூட்டிக்கொண்டு பனி மூடிய மலையிலிருந்து சறுக்கி இறங்குவதே பனிச்சறுக்கு. சறுக்கும் தடங்களுக்கு நிறத்தால் தரம் குறிப்பார்கள். ஆஸ்திரியாவில் நீலம் எளியது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு தேர்ந்தவர்களுக்கு உரியது. வட அமெரிக்காவிலோ பச்சை எளியது, நீலம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினமானது. ஆக, ஓரிடத்தின் எளிய நிறம் மற்றோரிடத்தில் நடுத்தரமாகிவிடுகிறது! மேலும், அமெரிக்க மலைகளில் ஒவ்வொரு சறுக்குத் தலமும் தன் தடங்களைத் தமக்குள்ளேயே ஒப்பிட்டுத் தரம் பிரிக்கிறது. ஒரு மலையின் கறுப்பு அடுத்த மலையில் நீலமாக இருக்கலாம்.

அப்படியானால் கடினம் என்பது எது?

முதலாவது, சாய்வு. ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூஹெல் நகரிலுள்ள 'ஸ்ட்ரைஃப்' என்னும் பந்தயத் தடம் மிகச் செங்குத்தான இடத்தில் 85 விழுக்காடு சாய்வுடையது. அதாவது, 100 மீட்டர் முன்னே சென்றால் 85 மீட்டர் கீழே இறங்க வேண்டும். ஆனால் அது தொடங்கும் இடத்தின் உயரம் 1,665 மீட்டர்தான். பந்தயத்தின்போது இருபுறமும் வலை இருக்கும். விழுந்தவரைத் தூக்கிச் செல்ல ஆட்கள் காத்திருப்பார்கள்.

இரண்டாவது, பனியின் தன்மை. ஜப்பானின் நிசேகோ அன்னுபுரி மலை 1,308 மீட்டரே. நம் கல்வராயன் மலையின் உயர்ந்த பகுதிகளோடு ஒப்பிடத்தக்கது. ஆயினும் சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலில் ஈரத்தை வாங்கி அங்கே மாவு போன்ற பனியாகக் கொட்டுகிறது. அங்கு சாய்வைவிட, மரத்தடியில் பனி மூடிக் கிடக்கும் குழிகளே ஆபத்தானவை.

மூன்றாவது, உயரமும் காவலும். இதற்கு நம் நாட்டின் குல்மார்க்கே தக்க சான்று. தமிழகத்தின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். குல்மார்க் புல்வெளியின் உயரமும் ஏறக்குறைய அதுவே. நம் உச்சி அவர்களுக்கு அடிவாரம்! அங்கிருந்து அபர்வத் மலைக்குச் செல்லும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் 2005-இல் திறக்கப்பட்டது. அது 3,900 மீட்டருக்கும் மேல் கொண்டு விடுகிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கைவிடக் குறைவு. காவலர்கள் கண்காணிக்கும் பகுதியைத் தாண்டினால் தடமும் இல்லை, வலையும் இல்லை. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் பழைய பனிமீது விழுந்த புதுப்பனி ஒட்டாமல் கிடக்கும். ஒருவர் குறுக்கே சென்றாலே அடுக்கு முழுவதும் பெயர்ந்து விழக்கூடும். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் குல்மார்க் மலைச்சரிவுகளில் இவ்வாறு உயிரிழந்தனர்.

உத்தரகண்டின் ஔலி இதற்கு மாறானது. 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த அத்தலத்தின் சரிவுகள் சீரானவை, பழகுபவர்களுக்கு ஏற்றவை. இரண்டும் இமயப் பகுதியே. ஆனால் ஔலியில் தேறியவர் அபர்வத்துக்கும் தேறியவர் ஆகிவிடமாட்டார். அபர்வத்தில் தேறியவர்க்கும் பந்தயத் தடம் புதிதே. குல்மார்க் பகுதியில் வளர்ந்த ஆரிஃப் கான் வெளிநாடுகளிலும் பயின்றே 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கை எட்டினார். அங்கு ஒரு போட்டியில் 45-ஆம் இடம் பெற்றார்.

எனவே பலகையின் நிறம் பெரும்பாலும் சாய்வையே சொல்லும். இன்று காலை விழுந்த பனியையும், மூச்சுக் குறைவையும், உதவி வந்து சேரும் தொலைவையும் அது சொல்லாது. அவற்றை அம்மலையில் வாழ்பவரிடம்தான் கேட்டறிய வேண்டும்.

நண்பர்களே, நாம் பனியில் சறுக்கப் போவது அரிது. ஆனால் மழைக்காலத்தில் மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் போகிறவர்கள்தாமே நாம்! பாறையில் கால் வைக்கும் முன்னர் மலைவாழ் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்போம். அவர் திருப்பிக் கேட்கும் கேள்விதான் நமக்கு வழிகாட்டி.