பிய்ந்துபோன சதைக்கு 'சாரம்' கட்டும் டாக்டர்கள்!

கூத்தாநல்லூர்,

புது வீடு எழும்பும் தெருவில் சவுக்குக் கம்பில் சாரம் கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கொத்தனார் பூசி முடித்ததும் அவிழ்த்து விடுவார்கள். அதே வேலையை மனிதனின் தொடைச் சதைக்குள் செய்து பார்க்கிறார்கள்!

லேசாகக் கிழிந்த சதை தானே கூடிவிடும். சதை நாரை ஒட்டிச் சின்னச் சின்ன செல்கள் தூங்கிக் கிடக்கின்றன. 1961-ல் அலெக்சாண்டர் மாரோ இவற்றைக் கண்டார். அடிபட்டதும் விழித்துப் புது நார் கட்டும். ஆனால் லாரி ஏறியோ, கதிரடிக்கும் மெஷின் இழுத்தோ ஒரு பிடி சதையே போய்விட்டால்? செல் பற்றி ஏறப் பிடிமானம் இல்லை. பள்ளத்தைத் தழும்பு அடைத்துக்கொள்ளும். புண் ஆறிவிடும், நடவுக்குக் குனிய முடியாது. கூலி போச்சு!

அந்தப் பள்ளத்தில் வைக்கும் பிடிமானம்தான் சாரம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து ஸ்டீபன் பேடிலாக் குழு, தழும்பை வெட்டி எடுத்துவிட்டு 5 பேருக்கு இதை வைத்தது. 2014-ல் வெளியான கணக்குப்படி 3 பேருக்கு முன்னேற்றம். 2016-ல் 13 பேர் கணக்கு வந்தது: 6 மாதத்தில் பலம் சராசரி 37 சதவீதம் கூடியிருந்தது. முழுச் சதையும் திரும்பவில்லை. தீவு தீவாகத்தான் முளைத்தது. கூடவே விடாத உடற்பயிற்சி. சாரம் தானே கரைந்துவிடும். அவிழ்க்க ஆள் வேண்டாம்!

பன்றியா?

முதல் 5 பேருக்கு வைத்தது, செல்களைக் கழுவி எடுத்த பன்றியின் மூத்திரப்பை. நம்ம ஊர்க் கடைத்தெருவில் முதல் கேள்வியே இதுதான் வரும். நியாயமான கேள்வி. பன்றிதான் வேண்டும் என்றில்லை. பட்டிலும், கரையும் பிளாஸ்டிக்கிலும் செய்து பார்க்கிறார்கள். தஞ்சை திருமலைசமுத்திரம் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்திலும் உடல் திசு வளர்க்க நானோ இழை ஆராய்ச்சி நடக்கிறது. கரைசலை ஊசி வழியே விட்டு, ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தில் இழுத்தால், தலைமுடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத இழை வரும். சதைக்கு என்றால் இழைகள் வரிசை நடவு மாதிரி ஒரே திசையில் ஓட வேண்டும்.

ஏமாறாதீர்!

இது இன்னும் சோதனைக் கட்டம்தான். "ஸ்டெம் செல் ஊசி போட்டால் சதை வளரும்" என்று யாராவது லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அனுமதி பெற்ற சோதனைக்கு வெளியே அந்த வைத்தியம் கூடாது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறை. சோதனையில் சேருகிறவரிடம் காசு வாங்கவும் கூடாது.

இன்றைக்குக் கையில் இருப்பது பிளாஸ்டிக் சர்ஜரி. வேறு இடத்துச் சதையை ரத்தக் குழாயோடு எடுத்துப் பள்ளத்தில் வைக்கிறார்கள். அதற்கும் நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். அடிபட்ட இடத்தில் காப்பித்தூள் அப்பாமல், சுத்தமான துணியை அழுத்திக் கட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 108-க்குப் போன் செய்தால் வண்டி வரும்.