அபராதம் உண்டு, அடி கிடையாது

திருவனந்தபுரம்: பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வண்டி எடுக்கும் டிரைவர்களில் நம்மவர் நிறைய உண்டு. சாலைக் கம்போளத்துக்குக் காய்கறி ஏற்றி வரும் லாரிக்காரர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், ஸ்கூட்டரில் ஆபீஸ் போகும் குமாஸ்தாக்கள் எனப் பலர். போலீஸ் கை காட்டினால், அபராதத்தைவிட, மலையாளத்தில் பதில் சொல்லத் தடுமாறும்போது கன்னத்தில் விழுமோ என்ற பயமே இவர்களுக்குப் பெரிது.

இது வீண் பயம் அல்ல. 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடி அருகே, ஹெல்மெட் சோதனையில் நிற்காத மோட்டார் சைக்கிளை இன்ஸ்பெக்டர் ஒருவர் துரத்திச் சென்று உதைத்ததாக வழக்கு. பின்னால் அமர்ந்திருந்த பெண் விழுந்து இறந்தார். இன்ஸ்பெக்டர் கைதானார்.

2019 நவம்பரில் கேரள ஐகோர்ட்டு தெளிவாகவே சொன்னது: ஹெல்மெட் இல்லாதவரைப் பிடிக்க நடுரோட்டில் குதித்து மறிக்கக் கூடாது, துரத்தவும் கூடாது, காமிராவில் படம் பிடித்து, நம்பரை வைத்து நடவடிக்கை எடுக்கலாம். அதே மாதம் 28-ந் தேதி கொல்லம் மாவட்டம் கடய்க்கலில், நிற்காமல் போன இளைஞர் மீது ஒரு போலீஸ்காரர் லத்தியை எறிந்தார். பைக் நிலைதடுமாறி, எதிரே வந்த ஐயப்ப பக்தர்களின் காரில் மோதியது. இளைஞர் படுகாயமடைந்தார். போலீஸ்காரர் சஸ்பெண்டு செய்யப்பட்டார்.

2023 மார்ச்சில் திருப்பூணித்துறை அருகே இரும்பனத்தில், கை காட்டியதும் உடனே நிற்கவில்லை என்று பிடிக்கப்பட்ட ஒருவர், போலீஸ் ஸ்டேஷனில் சரிந்து இறந்தார். பிடித்த இடத்தில் அவரை அறைந்ததை நேரில் கண்டதாகச் சாட்சி கூறியது. சப்-இன்ஸ்பெக்டர் சஸ்பெண்டு ஆனார்.

இத்தனைக்கும் ஹெல்மெட் இல்லாத குற்றத்துக்குக் கேரளத்தில் அபராதம் 500 ரூபாய். அதை வசூலிக்கவே 2023 ஜூன் முதல் தெருவெங்கும் காமிராக்கள் வேலை செய்கின்றன. 500 ரூபாய்க் குற்றத்துக்கு உயிர் போவது எந்தச் சட்டத்திலும் இல்லை.

நம்மவர் மனத்தில் வைக்க வேண்டியவை சில. கை காட்டினால் ஓரமாக நிறுத்துங்கள். ஓடுவது நமக்கே ஆபத்து. யூனிபாரத்தில் உள்ள அதிகாரி கேட்டால் லைசென்ஸைக் காட்டுங்கள். செல்போனில் டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும். பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். பொது இடத்தில் போலீஸ் நடவடிக்கையைச் சட்டப்படி யாரும் படம் எடுப்பதைத் தடுக்கக் கூடாது என்று 2011-ம் ஆண்டு கேரள போலீஸ் சட்டத்தின் 33-வது பிரிவு சொல்கிறது.

அடி விழுந்தால் அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், காயம் எப்படி வந்தது என்று டாக்டரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அதே சட்டத்தின் 110-வது பிரிவுப்படி போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்துக்கும் மாவட்டங்களுக்கும் தனி அமைப்புகள் உண்டு. ஓய்வுபெற்ற நீதிபதிகள் அவற்றின் தலைவர்கள். மனித உரிமைக் கமிஷனுக்கும் மனு எழுதலாம்.

"வெளியூர்க்காரன், நமக்கெதற்கு வம்பு" என்று துடைத்துக்கொண்டு போனால், அடுத்த வண்டிக்காரனுக்கும் அதே அடிதான்.